கிருபை, நியாயப்பிரமாணம், பாவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில், அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தைத் திறந்தாலே திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. சிலர் மனபாரத்தோடு கேட்பார்கள், சிலர் வாக்குவாதத்துக்குக் கேட்பார்கள். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கத்தோலிக்க வாசகர்கள் கிருபை என்ற இடத்தில் அருள் என்றும், நியாயப்பிரமாணம் என்ற இடத்தில் திருச்சட்டம் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

நியாயப்பிரமாணம் என்றால் பத்துக் கட்டளைகள் மட்டுமா?

இல்லை. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து புத்தகங்களை யூதர்கள் தோரா என்கிறார்கள். அதில் 613 கட்டளைகள் உண்டு என்பது ரபிமார் மரபில் வந்த கணக்கு. பலி செலுத்தும் முறை, எதைச் சாப்பிடலாம் எதைக் கூடாது, வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவைப்பது எல்லாம் அதில் அடக்கம்.

ஒழுக்கச் சட்டம், ஆராதனைச் சட்டம், நாட்டுச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அதைத் தெளிவாக வகுத்தார். பிறகு, 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்த சபைகளும் எடுத்துக்கொண்டன. உதவியான பிரிவுதான், ஆனால் வேதம் அப்படிக் கோடு போட்டுக் காட்டவில்லை. பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை லேவியராகமம் 19:18இல் இருக்கிறது. இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்பது அதற்கு அடுத்த வசனம். பவுல் நியாயப்பிரமாணம் என்று எழுதும்போது பெரும்பாலும் இந்த முழுவதையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்.

பாவம் என்றால் கட்டளையை மீறுவது. அவ்வளவுதானே?

அதுவும் உண்டு. "நியாயப்பிரமாணத்தை மீறுகிறதே பாவம்" என்று 1 யோவான் 3:4 சொல்கிறது. நல்லது இன்னதென்று தெரிந்தும் செய்யாமல் விடுவதும் பாவம் என்று யாக்கோபு 4:17 இன்னும் ஒரு படி போகிறது. ஆனால் ரோமர் நிருபத்தில் பாவம் பெரும்பாலும் ஒருமையில்தான் வரும். அங்கே அது செய்துவிட்ட தப்புகளின் பட்டியலாக இல்லை. நுழைகிறது, ஆளுகிறது, ஏமாற்றுகிறது, கடைசியில் சம்பளமும் கொடுக்கிறது. ஒரு எஜமானைப் பற்றிப் பேசுவதுபோலவே பவுல் பேசுகிறார்.

பண்டைய சபையின் பெரிய போதகரான அகஸ்தீன் தன் பதினாறாம் வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். கூட்டாளிகளோடு இரவில் போய் அடுத்தவர் மரத்துப் பேரிக்காய்களை உலுக்கித் திருடினார். பசி இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். செய்யக்கூடாது என்பதே அந்தக் காரியத்தின் ருசியாக இருந்தது என்கிறார். ஒரு கூடைப் பழத்துக்காக இத்தனை பக்கம் வருந்தி எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அந்தச் சின்னத் திருட்டுதான் கொலையைவிடத் தெளிவாகப் பாவத்தைக் காட்டுகிறது. அதற்கு வறுமை, கோபம், பழி என்று எந்தக் காரணத்தையும் காட்டித் தப்பிக்க முடியாது.

கிருபை என்றால் தேவன் கண்டும் காணாமல் விட்டுவிடுவதா?

இந்தத் தவறான எண்ணத்தைத் திருத்தாமல் மற்ற எதையும் பேச முடியாது. 2 சாமுவேல் 9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுலின் வீடு விழுந்துவிட்டது. அவன் பேரன் மேவிபோசேத் இரண்டு காலும் முடமானவன், லோதேபாரில் மாகீர் என்பவன் வீட்டில் ஒதுங்கிக் கிடக்கிறான். பழைய ராஜாவின் வாரிசுகளைப் புது ராஜா வாழவிடுவது அந்தக் காலத்து வழக்கம் கிடையாது. அரண்மனையிலிருந்து ஆள் வந்ததும் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! முகங்குப்புற விழுந்து, தன்னைச் செத்த நாய் என்கிறான். தாவீதோ, உன் தகப்பன் யோனத்தானின் நிமித்தம் தயைசெய்வேன் என்கிறார். சவுலின் நிலங்களையெல்லாம் திரும்பக் கொடுத்து, நித்தம் தன் பந்தியில் உட்காரவைக்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்ததை மறுபடியும் சொல்லி முடிகிறது. கால் சரியான பிறகு பந்தியில் சேர்க்கவில்லை. முடவனாகவே சேர்த்துக்கொண்டார்.

இன்னொருவர் நிமித்தம், தகுதி பார்க்காமல், பந்தியில் இடம். கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்வதன் உருவம் இதில் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தாவீதுக்கு இதில் செலவு குறைவு. சிலுவையில் தேவன் பாவத்தைக் கண்டும் காணாமல் விடவில்லை. அதன் முழுப் பாரத்தையும் தம் குமாரன்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதே ரோமர் 3:24-26இன் வாதம். நமக்கு இலவசம், அவருக்கு அல்ல.

பழைய ஏற்பாடு நியாயப்பிரமாணம், புதிய ஏற்பாடு கிருபை. சரிதானே?

பிரசங்கத்தில் சொல்ல எளிது. ஆனால் தவறு.

பத்துக் கட்டளைகள் எந்த வசனத்தில் தொடங்குகின்றன என்று கேட்டால் பலரும் "என்னையன்றி வேறே தேவர்கள்" என்பார்கள். அதற்கு முந்தைய வசனத்தைப் பாருங்கள். உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நானே என்று யாத்திராகமம் 20:2 சொல்கிறது. விடுதலை ஏற்கெனவே கிடைத்தாயிற்று, செங்கடல் பின்னால் இருக்கிறது, மன்னா விழத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் சீனாய் மலை. இந்தப் பத்தையும் கைக்கொண்டால் உங்களை எகிப்திலிருந்து மீட்பேன் என்று தேவன் பேரம் பேசவில்லை.

இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிருபை முதலில், கட்டளை அப்புறம். நோவாவுக்குக் கர்த்தரின் கண்களில் கிருபை கிடைத்தது (ஆதி. 6:8). ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது (ஆதி. 15:6), உடன்படிக்கையின் அடையாளமாகிய விருத்தசேதனம் வந்தது 17ஆம் அதிகாரத்தில்தான். ரோமர் 4இல் பவுலின் வாதம் முழுக்க இந்த முன்பின் வரிசையில் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூதர்கள் கிருபை தெரியாமல் சட்டத்தால் நசுங்கிக் கிடந்தவர்கள் என்று நம் மேடைகளில் பேசுவது அவர்களுக்கு அநியாயம். சிம்காத் தோரா பண்டிகையில் அவர்கள் தோராச் சுருளைத் தோளில் தூக்கி ஆடுகிறார்கள். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் சட்டத்தின்மேல் பாடின காதல் பாட்டுப் போலவே இருக்கின்றன. பவுலுக்கும் நியாயப்பிரமாணம் "பரிசுத்தமுள்ளது" (ரோமர் 7:12). குறை சட்டத்தில் இல்லை.

அப்படியானால் நியாயப்பிரமாணத்தால் செய்ய முடியாதது எது?

கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது சுவர் எந்த இடத்தில் எத்தனை விரல்கடை சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே குண்டை வைத்துச் சுவரை நிமிர்த்த முடியாது. ஆமோஸ் 7இல் தேவன் இஸ்ரவேலின் நடுவே தூக்குநூலை விடுவதாகச் சொல்வது இதே கருவியைத்தான். பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறது என்று ரோமர் 3:20 சொல்வதன் பொருள் இது. ரோமர் 7இல் பவுல் எடுக்கும் உதாரணமும் கவனிக்க வேண்டியது: கொலை, களவு எதையும் எடுக்காமல், பத்தாம் கட்டளையாகிய இச்சையை எடுக்கிறார். வெளியே யாருக்கும் தெரியாதது, எந்த நீதிமன்றமும் விசாரிக்காதது அது ஒன்றுதான்.

சீர்திருத்தக் காலத்தில் நியாயப்பிரமாணத்துக்கு மூன்று பயன் சொன்னார்கள்: சமூகத்தில் தீமையைத் தடுப்பது, பாவத்தை உணர்த்தி கிறிஸ்துவிடம் போகச் செய்வது, விசுவாசிக்கு வழிகாட்டுவது. மூன்றாவதே முக்கியமானது என்று சீர்திருத்தவாதி கால்வின் சொன்னார். லூத்தரன்கள் அதில் வெகுநாள் தடுமாறி, 1577இல் தங்கள் அறிக்கையில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

"கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறோம்" என்றால் இனிக் கட்டளையே கிடையாதா?

முழு வசனத்தையும் வாசிப்போம்: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" (ரோமர் 6:14). பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொல்கிறவர்கள்தான் அதிகம். கிருபைக்குக் கீழ் வந்ததன் விளைவு என்ன என்று வசனமே சொல்கிறது: பாவத்தின் ஆட்சி முடிகிறது. பாவம் செய்ய அனுமதி கிடைத்ததாகச் சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே, அப்படியானால் பாவஞ்செய்யலாமா என்று பவுல் தானே கேட்டு, "கூடாதே" என்கிறார். இதே கேள்வியும் இதே "கூடாதே"யும் அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலும் இருக்கின்றன. அவர் காலத்திலேயே ஆட்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள் போல.

இந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 57இல் எழுதப்பட்டது. அதைக் கேட்ட ரோமாபுரிச் சபையில் அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் காதில் 6ஆம் அதிகாரம் எப்படி விழுந்திருக்கும்! யாருக்குக் கீழ்ப்படிகிறீர்களோ அவருக்கே அடிமைகள் என்கிறார் பவுல். எஜமான் இல்லாத ஒரு நடுவிடம் இருப்பதாக அவர் சொல்லவே இல்லை. ஒன்று பாவம், இல்லையென்றால் நீதி. கடைசியில் 23ஆம் வசனம்: பாவம் கொடுப்பது சம்பளம், தேவன் கொடுப்பது வரம். பாவம் உழைப்புக்குத் தக்கபடி கணக்காகக் கொடுத்துவிடும், அந்தக் கூலி மரணம். தேவனிடத்தில் கூலிக் கணக்கே இல்லை.

ஆக, கிருபைக்கு எதிரியாக நிற்பது பாவம். நியாயப்பிரமாணம் அல்ல. கிருபை நம்மைப் பாவத்திலிருந்து பிடுங்குகிறது என்றால், அதே கிருபையைச் சொல்லிப் பாவத்தில் தங்க முடியாது.

முயற்சி எடுத்தால் மனுஷன் பாவமில்லாமல் வாழ முடியாதா?

பெலேஜியுஸ் கேட்டது இதைத்தான். பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்தவர், கட்டுப்பாடான வாழ்க்கை வாழ்ந்தவர். "நீர் கட்டளையிடுவதைத் தாரும், உமக்குச் சித்தமானதைக் கட்டளையிடும்" என்ற அகஸ்தீனின் ஜெபத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. கட்டளையிட்டாலே நம்மால் முடியும் என்றுதானே அர்த்தம், அதையும் தேவனே தர வேண்டும் என்றால் மனுஷன் எதற்கு என்பது அவர் வாதம். ஒழுக்கத்தில் அக்கறை உள்ள யாருக்கும் இது நியாயமாகத்தான் படும். 418இல் கார்த்தேஜ் ஆலோசனைச் சங்கம் அவர் போதனையைத் தள்ளியது.

நான் அகஸ்தீன் பக்கம்தான். குடியை விட முயன்று விட முயன்று தோற்றவரிடம் போய் "நீ நினைத்தால் முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அதைத் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

இனிச் செய்யப்போகும் பாவமும் மன்னிக்கப்பட்டாயிற்று, பாவ அறிக்கையே தேவையில்லை என்று சிலர் போதிக்கிறார்களே?

இது புதிய போதனை மாதிரித் தோன்றும், ஆனால் பழசு. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் கூடவே இருந்த யோகான் அக்ரிகோலா, சபையில் நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே வேண்டாம், சுவிசேஷம் போதும் என்றார். கிருபைக்காக உயிரையே பணயம் வைத்த லூத்தர், 1537 முதல் பல தர்க்கங்களில் அவரை எதிர்த்து நின்றார்.

அந்தப் போதகர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. கிறிஸ்துவின் பலி ஒரே தரம், முழுமையானது. ராத்திரி தூங்கும் முன் ஏதாவது ஒரு பாவத்தை அறிக்கையிட மறந்துவிட்டோமோ என்று நடுங்குகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் தேவனைப் பிதாவே என்று கூப்பிடும் சீஷர்களுக்கு இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், அன்றன்றுள்ள அப்பத்துக்குப் பக்கத்திலேயே, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. பிள்ளையாக இருப்பதால்தான் அப்பாவிடம் தப்பை ஒத்துக்கொள்ள முடிகிறது.

மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை, சீஷத்துவம் இல்லாத கிருபையை, 1937இல் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் "மலிவான கிருபை" என்று பெயரிட்டு எதிர்த்தார். ஹிட்லரோடு ஒத்துப்போன சபைகளைப் பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டுமா?

ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமை என்கிறார்கள், பெரும்பாலான சபைகள் உயிர்த்தெழுதலின் நாளாகிய ஞாயிறு என்கின்றன. நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று ரோமர் 14:5 விட்டுவிடுகிறது. இதை வைத்து ஒருவர் இரட்சிப்பை இன்னொருவர் சந்தேகிக்க வேண்டாம்.

நகை போடக்கூடாது, சினிமா பார்க்கக்கூடாது என்ற சபை விதிகள்?

எளிமைக்காக ஒரு சபையார் சேர்ந்து எடுக்கும் தீர்மானம் என்றால் நல்லது. நம் ஊரில் கடன் வாங்கி நகை போடும் கல்யாணங்களைப் பார்க்கும்போது, அந்த எளிமைக்கு எனக்கு மரியாதை உண்டு. கம்மல் கழற்றாதவளுக்கு இரட்சிப்பு இல்லை என்று சொன்னால் அங்கே வரிசை மாறிவிட்டது. அப்போஸ்தலர் 15இல், யூதரல்லாத விசுவாசிகளும் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்று பேச எருசலேமில் கூடியபோது பேதுரு எழுந்து கேட்டது இதைத்தான்: நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள்?

தேவன் மன்னித்துவிட்டார். அப்புறமும் நஷ்டஈடு, தண்டனை எல்லாம் எதற்கு?

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கள். இயேசு அவன் வீட்டுக்கு வந்து தங்கினது முதலில். பணத்தைத் திருப்புகிறேன் என்று சொன்னதால் வரவில்லை. வந்த பிறகு, யாரும் கேட்காமலே, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகவும் கொடுக்கிறேன் என்கிறான். சீட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டு, ஞானஸ்நானம் எடுத்து, "பழசெல்லாம் ஒழிந்துபோயிற்று" என்று சாட்சி சொல்கிறவர், பணம் கட்டி ஏமாந்தவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். பத்சேபாள் விஷயத்தில் தாவீதுக்கும் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் அவன் செயலின் விளைவுகள் அவன் வீட்டை விட்டு நீங்கவில்லை.

அடிக்கிற கணவனைக் கிருபையாய்ப் பொறுத்துக்கொள் என்று சபையில் சொல்கிறார்கள். அதுதான் கிருபையா?

இல்லை. கிருபையின் பேரைச் சொல்லிச் செய்யும் மிக மோசமான காரியங்களில் இது ஒன்று. மன்னிப்பது என்பது அடி வாங்கிக்கொண்டே இருப்பதல்ல. தீமை செய்கிறவனைத் தடுக்க அதிகாரம் தேவனால் வைக்கப்பட்டது என்று ரோமர் 13:4 சொல்கிறது. நியாயப்பிரமாணத்தின் முதல் பயனும் அதுவே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க இந்தியாவில் 2005இல் சட்டம் வந்திருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணை அழுத்துவது அவிசுவாசம் ஆகாது. அடிக்கிறவனைத் தடுத்து நிறுத்துவது அவனுக்கும் செய்யும் நன்மை. அடிபட்டவளிடம் பொறுமையைப் பிரசங்கிக்கும் போதகர், அடித்தவனிடம் போய் மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கட்டும்.

திரும்பத் திரும்ப அதே பாவத்தில் விழுகிறேன். என்மேல் கிருபை தீர்ந்துவிட்டதா?

எபிரெயர் 10:26ஐ வாசித்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்பவர்கள் உண்டு. அந்த வசனம் கிறிஸ்துவையே வேண்டாமென்று காலின்கீழ் மிதித்துப் போகிறவர்களுக்கு எழுதியது. 29ஆம் வசனம் வரை வாசித்தால் தெரியும். விழுந்துவிட்டோமே என்று அழுகிறவர்களுக்கு எழுதியது அல்ல. உங்களுக்கு 1 யோவான் 2:1 இருக்கிறது. நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்றும், ஒருவன் பாவஞ்செய்தால் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயிடம் இயேசு சொன்ன வரிசையும் அதுதான். "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" முதலில் வருகிறது. "இனிப் பாவஞ்செய்யாதே" பிறகு. திருந்தினால் தண்டிக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

தனியாகப் போராடாதீர்கள் என்பது மட்டும் என் புத்திமதி. ஆபாசப் படமோ, குடியோ, கடனோ, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவ உதவி தேவை என்றால் போங்கள்.

கத்தோலிக்கரும் சீர்திருத்த சபைகளும் இதில்தானே பிரிந்தார்கள்?

ஆமாம், மனுஷன் எப்படி நீதிமானாகிறான் என்பதுதான் லூத்தரின் மையக் கேள்வி. கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் 1547இல் அதற்குக் கடுமையாகப் பதில் சொன்னது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்க சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார்; பரிசுத்த ஆவியானவர் நற்கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறார் என்று சேர்ந்து சொன்னார்கள். 2006இல் மெத்தடிஸ்டுகளும் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீரவில்லை, ஆனாலும் ஐந்நூறு வருஷச் சண்டையில் இது பெரிய காரியம். நம் ஊர்ச் சபைகளில் பலருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

பிள்ளைகளுக்கு இதை எங்கிருந்து சொல்லித்தருவது?

ஞானோபதேசம் என்பது கேள்வி-பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல். லூத்தரின் சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளில் தொடங்கும். 1563இல் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் முதலில் மனிதனின் பரிதாப நிலை, அடுத்து மீட்பு, கடைசியில் நன்றியறிதல் என்று மூன்று பாகமாகப் போகிறது. பத்துக் கட்டளைகளை அது நன்றியறிதல் என்ற பாகத்தில் வைத்திருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஞாயிறு பள்ளியில் கட்டளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் முன், யாத்திராகமம் 12ஐயும் 14ஐயும் கதையாகச் சொல்லுங்கள். வாசல் நிலையில் பூசின இரத்தம், அவசரத்தில் புளிக்காமலே சுட்ட அப்பம், முன்னால் கடல், பின்னால் இரதங்கள். அடுத்த வாரம் 20ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள்.